முதல் நாள்: சேலத்திலிருந்து ஏற்காடு வரை மட்டும்

சேலத்திலிருந்து ஸ்ரீநகர் வரை மோட்டார் சைக்கிளில் தனியாகப் போகிறேன் என்று சொன்னபோது வியந்தவர்களைவிட, முதல் நாள் பயணத்தை ஏற்காட்டோடு முடித்துக்கொள்ளப் போகிறேன் என்று சொன்னபோது சிரித்தவர்கள்தாம் அதிகம். அஸ்தம்பட்டியில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து ஏற்காடு முப்பது கிலோமீட்டர் அளவுதான் இருக்கும். கல்லூரிப் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏறிப்போய், ஏரிக்கரையில் மிளகாய் பஜ்ஜி தின்றுவிட்டு, மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடுகிற தூரம் அது. வண்டியில் நான் கட்டியிருந்த பைகளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்த அம்மா, "ஏற்காட்டுக்குப் போறதுக்கா கண்ணு இத்தன மூட்ட?" என்று கேட்டே விட்டார்.

ஸ்ரீநகரில் தொடங்கிக் கன்னியாகுமரியில் முடிகிற 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை எங்கள் ஊரைத் தொட்டுக்கொண்டுதான் போகிறது. ஓமலூர், தொப்பூர், தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர், பெங்களூரு என்று அதைப் பிடித்துக்கொண்டால் ஹைதராபாத், நாக்பூர், ஜான்சி, ஆக்ரா, டெல்லி வழியாக ஸ்ரீநகர் வரையுள்ள மூவாயிரம் கிலோமீட்டரையும் ஏறத்தாழ ஒரே சாலையிலேயே முடித்துவிடலாம். நெடுந்தூரம் வண்டி ஓட்டுகிறவர்கள் பலரும் முதல் நாளில்தான் அதிக தூரம் போக ஆசைப்படுகிறார்கள். உடம்பில் தெம்பும் மனதில் உற்சாகமும் இருக்கும்போதே நானூறு, ஐந்நூறு கிலோமீட்டரைத் தள்ளிவிட வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. எனக்கு அந்தக் கணக்கில் உடன்பாடு இல்லை. நான்கு வழிச்சாலையில் நேராக ஓடும் வரை, பின்னால் கட்டிய சுமை எப்படிப்பட்டது என்பதே ஓட்டுகிறவருக்குத் தெரியாது. வளைவிலும் ஏற்றத்திலும் திடீரென்று பிரேக் பிடிக்கும்போதும்தான் அது தன் குணத்தைக் காட்டும். அந்தக் குணத்தை முன்பின் தெரியாத மாநிலத்தில், இருட்டுகிற நேரத்தில், ஒரு லாரியின் பின்னால் தெரிந்துகொள்வதைவிட, எந்த வளைவில் கரடு எந்தப் பக்கம் இருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடிய சேர்வராயன் மலையில் தெரிந்துகொள்வது நல்லது என்றுதான் இந்த முதல் நாளை வைத்துக்கொண்டேன்.

என் வண்டி ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411. பெட்ரோல் நிரப்பிய நிலையில் ஏறத்தாழ 200 கிலோ எடையும், தரையிலிருந்து 800 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கையும் உள்ள வண்டி. ஐந்தடி இரண்டங்குல உயரமுள்ள எனக்கு இரண்டு கால்களையும் ஒரே நேரத்தில் முழுதாக ஊன்ற வராது. ஒரு கால் ஊன்றினால் மற்றது பிரேக்கில் இருக்கும். இதன் சக்கரங்கள் கம்பி போட்டவை, டயருக்குள் டியூப் இருக்கும். ஆகவே பஞ்சரானால் வெளியிலிருந்தே ஒட்டிக்கொண்டு போய்விட முடியாது. சக்கரத்தைக் கழற்றி, டயரின் ஓரத்தை நெம்பி, டியூபை வெளியே எடுத்தாக வேண்டும். இதைக் கற்றுக்கொள்வதற்காகப் புறப்படுவதற்கு முந்தைய வாரங்களில் கோரிமேட்டுப் பக்கம் ஒரு பஞ்சர் கடையில் போய் உட்கார்ந்திருந்தேன். கடைக்காரர் அறுபது வயதைத் தாண்டியவர். முதலில் தயங்கினார், பிறகு தன் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பதைப் போல அதட்டிச் சொல்லிக்கொடுத்தார். சென்டர் ஸ்டாண்டு போடும்போது நான் கைப்பிடியைப் பிடித்து வண்டியைத் தூக்கப் பார்த்தால், "கையால தூக்காத பாப்பா, கால்ல ஏறி நில்லு, வண்டி தானா ஏறும்" என்பார். உண்மைதான். ஸ்டாண்டின் நுனியில் உடம்பின் முழு எடையையும் இறக்கினால், 200 கிலோ வண்டி பின்னால் நகர்ந்து தானாக ஏறி உட்கார்ந்துகொள்கிறது. டயரை நெம்பும்போது டியூபில் நெம்புகம்பி பட்டு இன்னொரு ஓட்டை விழாமல் பார்ப்பதுதான் இந்த வேலையில் கடினமான பகுதி. எதிர்ப்பக்கத்து ஓரத்தைக் காலால் மிதித்து ரிம்மின் பள்ளத்துக்குள் தள்ளிவிட்டால் இந்தப் பக்கம் தளர்ந்து கொடுக்கும் என்பதையும் அவரிடம்தான் கற்றேன்.

விழுந்த வண்டியைத் தூக்குவதையும் காலி மைதானத்தில் பழகிக்கொண்டேன். வண்டிக்கு முதுகைக் காட்டி, இருக்கையின் ஓரத்தில் இடுப்பை வைத்து, ஒரு கையால் கைப்பிடியையும் மறு கையால் பின்பக்கக் கம்பியையும் பற்றிக்கொண்டு, சிறு சிறு அடியாகப் பின்னோக்கி நடக்க வேண்டும். வலப்பக்கம் விழுந்திருந்தால் தூக்குவதற்கு முன்பே சைடு ஸ்டாண்டை விரித்து வைத்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் தூக்கிய வேகத்தில் வண்டி இடப்பக்கமாகச் சாய்ந்துவிடும். பைகளோடு அதைத் தூக்க என்னால் ஆகாது. அதனால் ஒரு நிமிடத்துக்குள் கழற்றக்கூடிய கொக்கிகளாகப் பார்த்துத்தான் பைகளை வாங்கினேன்.

இன்று காலை முனியப்பன் கோயிலில் பூசை போட்டு, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, அம்மா திருஷ்டி கழித்த பிறகுதான் புறப்பட முடிந்தது. ஆவணி மாதத்து வெயில் எட்டு மணிக்கே சுள்ளென்று இருந்தது. மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டுடியோவில் இன்று எஞ்சி நிற்கிற நுழைவு வளைவைக் கடந்து, அடிவாரத்துக்கு வரும் வரை பேருந்துகளுக்கும் பால் வண்டிகளுக்கும் நடுவே எல்லா நாளையும் போன்ற ஓட்டம்தான். கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கியதும் கதை மாறியது.

சேலம்–ஏற்காடு மலைப்பாதையில் எண் போட்ட கொண்டை ஊசி வளைவுகள் 20 இருக்கின்றன. வெறும் வண்டியில் அவற்றில் எல்லாம் ஏறி இறங்கி வளர்ந்த எனக்கே, சுமையோடு ஏறியபோது அவை எல்லாம் ஒரே வகை அல்ல என்பது இன்றுதான் கூர்மையாகப் புரிந்தது. நம் நாட்டில் சாலையின் இடப்பக்கம் ஓட்டுகிறோம். ஆகவே ஏறும்போது இடப்பக்கம் திரும்பும் வளைவில் நாம் உள்வட்டத்தில் இருப்போம். உள்வட்டம் குறுகியது, செங்குத்தானதும் அதுதான். அதோடு, வாகனம் வெளியே வீசப்படாமலிருக்க வளைவுகளில் சாலையை உள்பக்கமாகச் சரித்தே போட்டிருப்பார்கள். அதனால் இடப்பக்க வளைவின் நடுவில் நிற்க நேர்ந்தால், ஊன்ற வேண்டிய இடக்காலுக்குக் கீழே தரை இன்னும் தாழ்வாக இருக்கும். உயரமானவர்களுக்கு இது ஒரு பொருட்டே அல்ல. என்னைப் போன்றவர்களுக்குக் கால் எட்டாமல் போகும் அந்த இரண்டு அங்குலத்தில்தான் வண்டி சாய்கிறது, இருபத்தைந்து கிலோ பை பின்னால் இருந்தால் சாய்ந்த வண்டியை நிமிர்த்த முடிவதில்லை. ஆகவே இடப்பக்க வளைவுகளுக்கு ஒரு விதி வைத்துக்கொண்டேன்: மேலே வாகனச் சத்தம் கேட்டால் வளைவுக்கு முன்பே, சாலை மட்டமாக இருக்கும் இடத்தில் நின்றுவிடுவது, உள்ளே போய்விட்டால் முதல் கியரில், கிளட்ச்சைத் தொடாமல், பார்வையை வளைவின் மறுமுனையில் வைத்து நிற்காமல் வெளியேறுவது.

வலப்பக்க வளைவுகள் அகலமாக இருப்பதால் எளிது என்று தோன்றும். அங்கே வேறு தொல்லை. இறங்கி வரும் பேருந்துக்கு அது உள்வட்டம், அந்தக் குறுகலில் அதனால் திரும்ப முடியாது. எனவே ஓட்டுநர் நமக்குரிய வெளிவட்டத்தை முழுதாக எடுத்துக்கொண்டு, மூக்கை நம்மை நோக்கி நீட்டித்தான் திருப்புவார். மலைச்சாலையில் ஏறுகிற வாகனத்துக்கே இறங்குகிற வாகனம் வழிவிட வேண்டும் என்பது சாலை விதி. விதி நம் பக்கம் இருக்கிறது என்பதற்காகப் பேருந்தின் முகப்புக் கண்ணாடிக்கு முன்னால் போய் நின்று வாதாட முடியாது. இன்று ஒரு வளைவில் அரசுப் பேருந்து ஒன்று அப்படித் திரும்பியபோது, நான் சற்று முன்பே ஓரங்கட்டி நின்றதைப் பார்த்த ஓட்டுநர், கடந்து போகையில் கையை வெளியே நீட்டி, பின்னால் இன்னொரு வண்டி வருகிறது, பொறு என்று சைகை காட்டிவிட்டுப் போனார். மலைப்பாதையில் ஓட்டிப் பழகியவர்களிடம் இந்தச் சைகை மொழி எப்போதும் உண்டு. சமவெளியிலிருந்து கார் எடுத்துக்கொண்டு வருகிறவர்களிடம்தான் அது கிடைக்காது.

நடு வழியில் குடிநீருக்காக ஓரிடத்தில் நிறுத்தினேன். கூட்டமாகப் போகும்போது பின்னால் வருகிறவர் நம் பையைப் பார்த்துக்கொள்வார், வார் அவிழ்ந்தால் ஒலிப்பான் அடித்துச் சொல்வார். தனியாகப் போகிறவருக்கு முதுகில் கண் இல்லை. எனவே நிறுத்துகிற இடத்தில் எல்லாம் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, வார், கொக்கி, செயின், டயர், ஹெட்லைட், டெயில் லைட் என்று தொட்டுத் தொட்டுப் பார்ப்பதைப் பழக்கமாக்க வேண்டியிருக்கிறது. அப்படிப் பார்த்ததில், இடப்பக்கப் பையின் வார் ஒரு விரல் அளவு நழுவி, வாரின் நுனி சக்கரத்தை நோக்கித் தொங்கிக்கொண்டிருந்தது. நெடுஞ்சாலையின் வேகத்தில் அது கம்பிகளுக்குள் சுற்றியிருந்தால் என்ன ஆகும் என்பதை விவரிக்க விருப்பமில்லை. நுனியைச் சுருட்டி ரப்பர் வளையம் போட்டேன். அதற்குள் தடுப்புச் சுவரில் உட்கார்ந்திருந்த குரங்கு ஒன்று, நான் குனிந்திருந்த நேரம் பார்த்துப் பெட்ரோல் தொட்டி மேல் இருந்த சிறு பையின் ஜிப்பை, எந்த அவசரமும் இல்லாமல் விரலால் பிடித்து, சரியான திசையில் இழுத்துத் திறந்து, கடலை மிட்டாய்ப் பொட்டலத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போனது. பக்கத்தில் இருந்த பணப்பையைத் தொடவில்லை.

ஏற ஏறக் காற்று மாறுகிறது. சேலம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர். ஏற்காடு 1,500 மீட்டரை ஒட்டிய உயரம். அந்த வேறுபாட்டுக்கு ஏழெட்டு டிகிரி குறைவது இயல்புதான், ஆனால் அரை மணி நேரத்துக்குள் அது நடக்கும்போது, கீழே வியர்த்து நனைந்த பனியன் மேலே வரும்போது முதுகில் சில்லிட்டு ஒட்டிக்கொள்கிறது. காஷ்மீரில் பனிஹால் பக்கம் போகும்போது என்ன போட வேண்டும் என்று யோசித்து அடுக்கியிருந்த உடுப்புகளில் எதை மேலே வைக்க வேண்டும், எதை அடியில் வைக்கலாம் என்பதற்கு இந்த அரை மணி நேரமே விடை சொல்லிவிட்டது. சில்வர் ஓக் மரங்களும், அவற்றில் படர்ந்த மிளகுக் கொடியும், கீழே பச்சைக் காயோடு நிற்கும் காப்பிச் செடிகளுமாகத் தோட்டங்கள் தொடங்கிவிட்டன. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்து வைத்த காப்பிதான் இந்த மலையின் முகத்தையே மாற்றியது. அதற்கு முன்பிருந்தே இங்கே வாழ்கிற மலையாளிப் பழங்குடி மக்களின் ஊர்கள் இந்தத் தோட்டங்களுக்கு அப்பால் இன்னும் இருக்கின்றன.

அறை எதையும் முன்கூட்டியே பதிவு செய்யாமல்தான் வந்தேன். வழியில் எங்காவது மழையோ பழுதோ வந்து, திட்டமிடாத ஊரில் தங்க நேர்ந்தால் என்ன ஆகும் என்று பார்ப்பதற்காக, ஏரிக்கு அருகில் ஒரு விடுதியில் நேராகப் போய்க் கேட்டேன். மேசையில் இருந்தவர் ஹெல்மெட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எனக்குப் பின்னால் வாசலைப் பார்த்தார்.

"கூட யாருங்க மேடம் வர்றாங்க?"

"யாரும் வரல. நான் மட்டும்தான்."

"சிங்கிள் லேடீஸுக்கு ரூம் குடுக்கறதில்லீங்க. ஓனர் சொல்லிருக்காருங்க."

ஆதார் அட்டையும் ஓட்டுநர் உரிமமும் கையில் இருந்தன. தனியாக வரும் பெண்ணுக்கு அறை தரக்கூடாது என்று இந்த நாட்டில் எந்தச் சட்டமும் இல்லை. அதை அவரிடம் சொன்னேன். அவரும் மறுக்கவில்லை, அறையும் தரவில்லை. என் பாதுகாப்பை நினைத்துத்தான் தயங்குகிறார்கள் என்று இதற்குச் சமாதானம் சொல்வார் உண்டு. மாலை நேரத்தில் ஒரு பெண்ணை மறுபடி சாலைக்கே அனுப்பிவைப்பது எந்த வகைப் பாதுகாப்பு என்று எனக்கு விளங்கவில்லை. இன்று காலை பதினொரு மணி, சொந்த ஊருக்குப் பக்கத்து மலை, அதனால் கோபத்தோடு நின்றுவிட்டது. இனிமேல் ஒவ்வொரு நாளும் மதியத்துக்குள், நான் தனியாக வருகிறேன் என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லி, ஒப்புதலை வாட்ஸ்அப்பில் எழுத்தில் வாங்கிக்கொண்டுதான் அடுத்த ஊருக்குப் புறப்படுவது என்று முடிவு செய்திருக்கிறேன். பிறகு காப்பித் தோட்டம் ஒன்றின் நடுவே வீட்டோடு சேர்ந்த அறை கிடைத்தது. வீட்டுக்கார அம்மா எதுவும் கேட்கவில்லை. வண்டியைத் திண்ணைக்கு அருகிலேயே நிறுத்தச் சொல்லிவிட்டு, "குளிக்கத் தண்ணி காய வச்சிரட்டுமா?" என்று மட்டும் கேட்டார்.

கழிப்பறையைப் பற்றியும் எழுதியாக வேண்டும். பயணம் போகும் பெண்களில் பெரும்பாலோர் செய்வது தண்ணீர் குடிக்காமல் இருப்பது. கனமான சட்டையும் ஹெல்மெட்டும் போட்டு வெயிலில் ஓட்டுகிறவருக்கு அது ஆபத்து; தாகம் முற்றினால் தலைவலியும் கவனக்குறைவும் வரும், கவனம் தவறினால் வண்டி தவறும். மலைப்பாதையில் இடையில் வழியில்லை என்பதால் அடிவாரத்துக்கு முன்பே பெட்ரோல் பங்க்கில் நிறுத்தினேன். பூட்டியிருந்த கழிப்பறையின் சாவியைக் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. பங்க்குகளில் கழிப்பறை இருக்க வேண்டும் என்பது விதி. சாவி கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

மதியத்துக்குப் பிறகு, பைகளை இறக்காமலேயே, வந்த வழியில் சில வளைவுகள் இறங்கித் திரும்பவும் ஏறினேன். ஏறுவதைவிட இறங்குவதுதான் சுமையின் உண்மையான சோதனை. எந்தக் கியரில் ஏறினாயோ அந்தக் கியரில் இறங்கு என்று எங்கள் ஊர் ஓட்டுநர்கள் சொல்வது வெறும் பழக்கத்தில் வந்த பேச்சல்ல. தொடர்ந்து பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் டிஸ்க் சூடேறும், அந்தச் சூடு பிரேக் எண்ணெய்க்கு ஏறும், பழைய எண்ணெயில் ஈரம் சேர்ந்திருந்தால் அது கொதித்துக் குமிழியாகும். அதன் பிறகு பிரேக்கை எவ்வளவு அழுத்தினாலும் குமிழிதான் அழுந்தும், வண்டி நிற்காது. 2024 ஏப்ரல் கடைசியில் இதே பாதையில் இறங்கி வந்த தனியார் பேருந்து ஒன்று கவிழ்ந்து உயிர்கள் போனதை மறந்தவர் சேலத்தில் இருக்க மாட்டார். புறப்படும் முன்பே பிரேக் எண்ணெயை மாற்றியிருந்தேன். இரண்டாம் கியரில் இஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொண்டது. வளைவுக்கு முன்பு மட்டும் பிரேக்கை இரண்டு முறை விட்டு விட்டு அழுத்தினால் போதுமாக இருந்தது. ஆனால் சுமை முழுவதும் பின்னால் இருந்ததால், ஏற்றத்தில் முன்சக்கரம் இலேசாகி, கைப்பிடி சற்று மிதப்பது போலிருந்தது. அறைக்குத் திரும்பியதும் கருவிகளையும் உதிரி டியூப்களையும் பின்பையிலிருந்து எடுத்து, இஞ்சினுக்கு இரு பக்கமும் முன்னால் உள்ள கம்பிச் சட்டத்தில் கட்டினேன். பிறகு மறுபடி ஓட்டிப் பார்த்தபோது மிதப்பு பெருமளவு குறைந்துவிட்டது.

பைகள் இல்லாமல் சேர்வராயன் கோயிலுக்கும் போய்வந்தேன். 1,600 மீட்டருக்கு மேலே, மரமில்லாத மொட்டைப் புல்வெளியில் காற்று வண்டியைப் பக்கவாட்டில் தள்ளியது. கோயில் ஒரு குகை. குனிந்துதான் உள்ளே போக வேண்டும். சேர்வராயனும் காவேரியம்மனும் அங்கே இருக்கிறார்கள். மே மாதத் திருவிழாவுக்கு மலைக் கிராமங்கள் எல்லாம் வந்து சேரும் இடம், இன்று நானும் பூசாரியும் ஒரு குடும்பமும் மட்டும் இருந்தோம். தனியாக உலகத்தையே மோட்டார் சைக்கிளில் சுற்றி வந்த பெண்கள் உண்டு. பிரான்சு நாட்டு ஆன்-பிரான்ஸ் டோட்வில் 1973இல் போனார், இங்கிலாந்தின் எல்ஸ்பெத் பியர்ட் 1982இல் புறப்பட்டு 1984இல் திரும்பினார். அவர்களோடு ஒப்பிட்டால் ஸ்ரீநகர் பக்கத்து ஊர். கைப்பேசியும் 112 என்ற அவசர எண்ணும் இல்லாத காலத்தில் அவர்கள் போனார்கள் என்பதைத்தான் அந்தக் காற்றில் நின்றபோது நினைத்துக்கொண்டேன்.

மாலையில் தம்பி அறைக்கு வந்தான். சேலத்திலிருந்து தினமும் ஏற்காட்டுப் பள்ளிக்கு வந்துபோகிற ஆசிரியன் அவன். இந்த முதல் நாளை இங்கே வைத்துக்கொண்டதற்கு அவனும் ஒரு காரணம். எது தேவை, எது தேவையில்லை என்பது ஒரு நாள் ஓட்டிய பிறகுதான் தெரியும் என்பதால் வேண்டுமென்றே கூடுதலாகக் கட்டிக்கொண்டு வந்திருந்தேன். மிஞ்சுவதை அவன் இரவே கீழே கொண்டுபோய்விடுவான். ஆந்திராவின் அனந்தபூரில் வைத்து இந்த முடிவை எடுத்தால் பொருள்களைத் தூக்கிச் சுமக்க வேண்டும் அல்லது தூக்கி எறிய வேண்டும். இரண்டாவது ஜீன்ஸ், தடித்த போர்வை, அம்மா திணித்த ஊறுகாய்ப் பாட்டில்களில் ஒன்று, கூடாரம், சைக்கிள் பம்பு போன்ற பழைய காற்றடிப்பான் எல்லாம் ஒரு சாக்கில் போயின. கூடாரத்தைத் திருப்பி அனுப்பியதில் தம்பிக்கு நிம்மதி. சின்ன மின்சாரக் கெட்டிலை அவன் எடுத்துச் சாக்கில் போட்டான். நான் எடுத்துத் திரும்பப் பைக்குள் வைத்தேன்.

"அக்கா, ரோட்டுல டீக்கடை இல்லாத ஊர் எதாச்சும் இருக்கா?"

"காலையில நாலரை மணிக்கு இருக்காதுடா."

அவன் மேலே பேசவில்லை. கெட்டில் என்னோடு வருகிறது. நாளை வந்த வழியில் இறங்கப் போவதில்லை. குப்பனூர் பாதையில் இறங்கி, மஞ்சவாடி கணவாய் வழியாக அரூர் போய், அங்கிருந்து கிருஷ்ணகிரியில் 44ஆம் எண் சாலையில் ஏறுகிறேன். சுங்கச்சாவடிகளில் இருசக்கர வாகனத்துக்குக் கட்டணம் இல்லை என்பதால் ஃபாஸ்டேக் பற்றிக் கேட்டு எழுதாதீர்கள். ஓசூரைத் தாண்டி எங்கே தங்குவது என்பதை இப்போதே தொலைபேசியில் பேசி, எழுத்தில் வாங்கிவிட்டேன். ஹெல்மெட்டின் உள்துணி மட்டும் இன்னும் ஈரமாக இருக்கிறது, வீட்டுக்கார அம்மா அதை அடுப்படியில் தொங்கவிட்டிருக்கிறார்.